வீட்டில் வைத்துப் பார்த்தல்

“தாயை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறான்” என்னும் சொல்லைக் காட்டிலும் பெரிய நற்சாட்சிப் பத்திரம் நம்மவர்க்குள் ஒருவனுக்குக் கிடைப்பதரிது. கலியாணப் பந்தலிலும் சரி, இழவு வீட்டிலும் சரி, இச்சொல் ஒருவனைக் குறித்துச் சொல்லப்பட்டுவிட்டால் அவனுடைய மற்றக் குற்றங்கள் யாவும் தள்ளுபடியாகிவிடுகின்றன. பெற்றவளை முதியோர் இல்லத்திற் கொண்டுபோய் விட்டவனைப்பற்றியோ பேச்சே வேண்டாம். அவனைத் தூற்றுவதற்கு ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. நற்சாட்சி கொடுப்போரும் தூற்றுவோரும் ஒருங்கே கேளாது விடுகின்ற கேள்வியொன்றுண்டு. வீட்டில் வைத்துப் பார்க்கிறான், சரி, எப்படிப் பார்க்கிறான்? அந்தத் தாய் இன்று எத்தனை முறை தண்ணீர் குடித்தாள்? அவளைக் குளிப்பாட்டியவர் யார்? குளிப்பாட்டும்பொழுது கதவு சாத்தியிருந்ததா? அவளோடு எவரேனும் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினரா? இவற்றைக் கேட்பது மரியாதையன்று என்பது நம்மவர் கொள்கை. வீட்டுச் சுவருக்குள் நடப்பது வீட்டாரோடு என்று விட்டுவிடுகிறோம்.

அம்மரியாதையைச் சற்றே மீறுவதற்கு நேயர்கள் இடந்தர வேண்டுகிறோம். வீட்டில் வைத்திருப்பது வேறு, வீட்டில் வைத்துப் பேணுவது வேறு. பேணுதல் என்பது நன்றாகவும் செய்யக்கூடிய, தீதாகவும் செய்யக்கூடிய ஒரு வேலை. அவ்வேலை நன்றா தீதா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை முதலாவதாக ஊருக்கன்று, பார்க்கிறவருக்குமன்று, பார்க்கப்படுகிறவருக்கே உரியது என்பது நமது அபிப்பிராயம்.

இருதிறத்தாரைப்பற்றி ஈண்டுப் பேசுகிறோம். ஒருசாரார் மூப்பினால் கையுங்காலும் ஓய்ந்தோர். நினைவு தடுமாறினோரும் இவருள் அடங்குவர். மற்றொரு சாரார் பிறவியிலேயே கற்கும் ஆற்றல் குன்றி, உடம்பால் வளர்ந்து முப்பதும் நாற்பதும் வயதாகியும் பிறர் துணையின்றிக் காலந்தள்ள இயலாதோர். இவரைக் ‘கற்றற் குறைபாடு’ உடையோர் என்று மலேசியச் சமூகநல இலாகா பதிவு செய்து அட்டை வழங்குகின்றது. குறையுடையோரை அது பகுத்துள்ள ஏழு பிரிவுகளில் இஃதொன்று. நம் ஜனங்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர்களை அச்சிலேற்ற நாம் விரும்பவில்லை. இருசாராரையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவானேன் என்று கேட்கலாம். இருவர் சொல்லும் வீட்டில் சொல்லாக மதிக்கப்படுவதில்லை என்பதே காரணம். கிழவர் ஒன்று வேண்டுமென்றால், “வயதாகிவிட்டது, ஏதோ உளறுகிறார்”, மற்றவன் வேண்டுமென்றால், “அவனுக்கென்ன தெரியும்?” பசிக்கிறது என்று சொல்வதற்குக்கூடப் பிறருடைய நம்பிக்கையை எதிர்பார்த்திருக்கும் நிலை இருவர்க்கும் பொது.

முன்னாளில் இக்கேள்வி இவ்வளவு கடுமையாக நம்மிடையே எழுந்ததில்லை. எழாததற்குக் காரணம் நமது முன்னோரின் உயர்ந்த குணம் என்று சிலர் மேடைகளிற் பேசக் கேட்கிறோம். உண்மை வேறு. ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவருவதற்காக 1907-இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதியானது, வேலைக்கு உதவாமற்போன முதியோரையும் நோயாளரையும் மீண்டும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புவதற்கும் பயன்பட்டது. மூப்புக்கு அந்நாளைய விடை, கப்பல் டிக்கட்டு. கப்பலேறாதவருட் பலர் மூப்பைக் காணுமுன்னரே மலேரியாவுக்கு இரையாயினர். கற்றற் குறையுடைய குழந்தைகளோ பெரும்பாலும் பெற்றோருக்கு முந்தியே மாண்டன.

இப்பொழுது அப்படியன்று. மலேசியாவில் 2030-ஆம் ஆண்டளவில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அறுபது வயதைக் கடந்தோராயிருப்பர் என்று அரசாங்கக் கணக்கர் கூறிவந்துள்ளனர். ‘டவுன்’ என்னும் பிறவி நிலையுடையோரின் சராசரி ஆயுள், 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டாயிருந்தது. இன்று அறுபதை எட்டியிருக்கின்றது. இருதய சிகிச்சையும் கிருமிநாசினி மருந்துகளும் செய்த நன்மை இது. ஆயினும் இதன் விளைவை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. எழுபத்தைந்து வயதுத் தாய் நாற்பத்தைந்து வயது மகனைக் குளிப்பாட்டும் வீடுகள் நம்மிடையே தோன்றியிருக்கின்றன. அம்மகனுக்கோ மற்றவரினும் முந்தியே மூப்பு வருகின்றது. டவுன் நிலையுடையோர்க்கு நினைவிழப்பு நோய் ஐம்பதுகளிலேயே வருவது சாதாரணம் என்று மருத்துவர் சொல்லுகின்றனர். பேணுகிறவரும் பேணப்படுகிறவரும் ஒரே சமயத்தில் தளர்ந்துபோகும் நிலை இது.

இடையில் ஒரு சொல். இப்பிறவி நிலை பெற்றோர் செய்த வினை என்றும், முற்பிறப்புக் கடன் என்றும் இன்றும் கூறுவாருளர். 1959-இல் பிரெஞ்சு மருத்துவர் லெழேன் முதலானோர், டவுன் நிலையுடையோர் உடம்பின் அணுக்களில் நாற்பத்தாறுக்குப் பதிலாக நாற்பத்தேழு குரோமோசோம்கள் இருப்பதைக் கண்டு வெளியிட்டனர். நாற்பத்தேழாவதை எண்ணிக் காட்டியபின்னும் தாயைப் பாவியாக்கும் பேச்சை நிறுத்தாதவர்க்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை.

நிற்க. தோட்டத்தில் இருந்த காலத்தில் இவ்விருசாராரும் எவ்வாறு வாழ்ந்தனர்? லயத்து வாசலில் திண்ணையுண்டு. திண்ணையில் கிழவர் உட்கார்ந்திருப்பார். வருவோர் போவோர் ஒரு வார்த்தை கேட்டுச் செல்வர். கற்றற் குறையுடைய பையன் மாடு ஓட்டுவான், விறகு பொறுக்குவான், ஸ்டோருக்குப் பால்வாளி சுமக்க உதவுவான். அவன் வழிதவறிப் போனாலும் கொண்டுவந்து சேர்ப்பதற்கு நூறு பேருண்டு. இதைச் சொல்லும்பொழுதே மற்றப் பக்கத்தையும் சொல்லிவிடல் வேண்டும். அவனுக்குக் கள்ளை ஊற்றிக் கொடுத்து ஆடச்சொல்லிக் கைகொட்டிச் சிரித்தவர்களும் அந்நூறு பேரில் இருந்தனர். பெண்ணாயிருந்தால் அவளுக்கு நேர்ந்தவற்றை எவரும் போலீசுக்குச் சொன்னதில்லை. ஆகவே அக்காலத்தைப் பொற்காலம் என்று நாம் கூறமாட்டோம். ஆனால் ஒன்று மெய்: அங்கே மனிதர் கண்ணுக்குத் தெரிந்தனர்.

தோட்டத்து வீடு வேலையோடு கூடியது; வேலை போனால் வீடும் போகும். தோட்டங்கள் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நிலம் வீட்டுமனைகளாக, நம்மவர் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் பிற பட்டணங்களுக்கும் பெயர்ந்தனர். மின்தூக்கியில்லாத ஐந்து மாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் மகனுக்கு ஒரு வீடு. மகனும் மருமகளும் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகின்றனர். கிழவர் படியிறங்கமாட்டார். மற்றவனை வெளியே விட்டால் சாலையில் அடிபடுவான் என்று அஞ்சி இரும்புக் கதவைப் பூட்டிவிட்டுச் செல்கின்றனர். கெட்ட எண்ணத்தாலன்று, பயத்தினால். மாலை ஏழு மணி வரையில் அவ்வீட்டிற்குள் என்ன நடக்கிறதென்று கேட்பார் ஒருவருமில்லை. ஊரார் கணக்கில் இவ்விருவரும் வீட்டில் வைத்துப் பார்க்கப்படுகின்றனர்.

நல்ல பேணல் எதுவென்று அளப்பது எவ்வாறு? 2020-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘கேர்ஷீல்ட் லைஃப்’ என்னும் காப்புறுதித் திட்டத்திற்கு ஓரளவுகோலுண்டு. குளித்தல், உடுத்தல், உண்ணல், மலசலங் கழித்தல், நடமாடல், படுக்கையினின்று நாற்காலிக்கு மாறல் ஆகிய ஆறு காரியங்களில் மூன்றைத் தாமாகச் செய்ய இயலாதவர் கடுமையான இயலாமையுடையவரென்று அது கொள்கின்றது. பணங் கொடுப்பதற்கு ஓரளவு வேண்டும். ஆகவே இதில் நாம் குற்றங் காணவில்லை. ஆனால் இவ்வாறும் செய்து முடித்துவிட்டால் பேணுதல் முடிந்துவிட்டதென்று நினைப்பது, பட்டியைக் கழுவித் தீனியிட்டுவிட்டால் மாட்டுக்கு வேண்டியது முடிந்ததென்று நினைப்பதை ஒக்கும்.

இந்த ஆறுகூட ஒழுங்காகச் செய்யப்படுகின்றனவா என்று முதலில் பார்ப்போம். படுத்த படுக்கையாயிருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையேல் இடுப்பிலும் குதிகாலிலும் புண் காணும். புண் காணுமுன் தோல் சிவக்குமென்று ஆங்கிலப் புத்தகங்கள் சொல்லும். நம்மவர் நிறத்திற்கு அச்சிவப்புக் கண்ணுக்குத் தெரிவதில்லை. கைவைத்துப் பார்த்தால் அவ்விடம் சூடாயும் கெட்டியாயும் இருக்கும். இதை எத்தனை வீடுகளில் அறிவர்? கஞ்சியைப் படுக்கவைத்தே வாயில் ஊற்றுவது நம்மவர் வழக்கம். அது இரைப்பைக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்க் காய்ச்சலாக முடிவதுண்டு. நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால், முன் வாய்க்கவளம் விழுங்கப்பட்டதா என்று பார்த்து மறுகவளம் கொடுத்து, உண்டபின் அரைமணி நேரமேனும் படுக்கவிடாதிருத்தல் வேண்டும். வாயைத் தினந்தோறும் சுத்தஞ் செய்வதும் நுரையீரற் காய்ச்சலைக் குறைக்கும். பல் ஒன்றுகூட இல்லாதவர்க்கும் இது பொருந்தும்.

தண்ணீர்ச் சங்கதி தனியே சொல்லத் தக்கது. முதியோர் பலர் தாகமிருந்தும் குடிப்பதில்லை. குடித்தால் சிறுநீர் கழிக்க ஒருவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் மருமகள் முகஞ் சுளிப்பாளோ என்ற எண்ணம். கேட்டால் “தாகமில்லை, அம்மா” என்று சொல்லிவிடுவர். நான்கு நாளில் சிறுநீர்த் தொற்று உண்டாகி, இரவில் இல்லாத ஆட்களைக் கூப்பிட்டுப் பேசத் தொடங்குவர். வீட்டார் பயந்து மந்திரிக்கிறவனை அழைத்து வருகின்றனர். வேண்டியிருந்தது வேப்பிலையன்று, ஒரு குவளைத் தண்ணீரும், சிறுநீர் கழித்தபின் சுளிக்காத முகமுமே. பேணுதலின் தரம் இவ்வளவு சிறிய இடத்திலே நிற்கின்றது.

நினைவு தடுமாறியோர்பால் நேரும் தீங்குகளை இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த டாம் கிட்வுட் என்பவர் 1997-இல் வெளியிட்ட நூலொன்றில் வகைப்படுத்தியுள்ளார். அடித்தல், பட்டினி போடுதல் போன்றவற்றை அவர் முதன்மையாகக் கூறவில்லை. பெரியவரைக் குழந்தைபோல் நடத்துதல். அவரால் தொடர முடியாத வேகத்தில் பேசுதல், ஊட்டுதல், நடத்துதல். அவர் உட்கார்ந்திருக்கும்பொழுதே அவர் இல்லாததுபோல அவரைப்பற்றிப் பிறரோடு பேசுதல். அவரே செய்யக்கூடியதைத் தாம் செய்துவிடுதல். அவர் சொல்லும் உணர்ச்சியைப் பொய்யென்று தள்ளுதல். சிரித்து ஏளனஞ் செய்தல். இத்தகையன பதினேழு. இவற்றைச் செய்வோர் கெட்ட எண்ணங் கொண்டவரென்று தாம் கருதவில்லை என்றும் அவர் தெளிவாகக் கூறியிருக்கின்றார். இவ்விடத்தில் நேயர்கள் சற்று நின்று தத்தம் வீட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். “பாட்டிக்கு ஒன்றும் தெரியாது” என்று பாட்டியின் முன்னாலேயே விருந்தாளியிடம் சொல்லாத வீடு நமக்குள் எத்தனை?

“அன்பிருந்தால் போதும், மற்றதெல்லாம் தானே வரும்” என்பர் சிலர். அழகான பேச்சு. தாய்க்குப் பிள்ளைமீது எவ்வளவு அன்பிருந்தாலும் ஊசி போடத் தெரியாதல்லவா? தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் அதைக் கற்றுக்கொண்டு செய்தார். எண்பது கிலோ எடையுள்ள மனிதரைத் தம் முதுகும் ஒடியாமல், அவர் தோளும் பிசகாமல் தூக்கி உட்காரவைப்பதற்கு ஒரு முறையுண்டு. அது அன்பினால் வருவதன்று, ஒருவர் காட்டிக் கொடுத்து வருவது. மேலும் அன்பு தூங்காதிருக்க முடியாது. மூன்று இரவு விழித்தவர் நான்காம் இரவு கத்துகின்றார். ஐந்தாம் இரவு கையை ஓங்குகின்றார். அவரைக் கொடியவரென்று நாம் சொல்லோம். ஆனால் அடி வாங்கியவருக்கு வலித்தது.

அந்த ‘அவர்’ யார் என்பதையும் மறைக்காமற் கேட்போம். நற்சாட்சி பெறுகிறவன் மகன். மலம் அள்ளுகிறவள் மருமகள். மருமகளில்லாத வீட்டில் கலியாணமாகாத மகள். தம்பிக்குத் துணையாய் இருக்க ஆள் வேண்டுமென்பதற்காகவே கலியாணம் நிறுத்தப்பட்ட பெண்களை இந்நாட்டிலே காட்ட முடியும். செக்ரோல் எழுதிப் பிழைப்பவர் நாம். அதனால் ஒன்று நம் கண்ணில் அடிக்கடி படும். குலை வெட்டினவர், உதிரி பொறுக்கினவர், உரமிட்டவர் ஒவ்வொருவருக்கும் ஏட்டில் ஒரு கட்டமுண்டு. மாமனார்க்கு வயிற்றுப்போக்கென்று வீட்டில் நின்றுவிட்ட பெண்ணுக்கு அன்று விழுவது ‘வரவில்லை’ என்ற குறி. அன்று அவள் செய்த வேலை, களத்தில் நின்ற எவருடைய வேலைக்கும் குறைந்ததன்று. படுத்த படுக்கையாயிருப்போரைப் பார்க்கிறவர்க்கென ஓர் உதவித்தொகையைச் சமூகநல இலாகா வழங்குகின்றது. வருமானம் முதலிய நிபந்தனைகளுண்டு. இதைக் கேட்டுப் பெறலாமென்பதை அறியாத குடும்பங்கள் தோட்டப்புறத்தில் இன்னும் உள. மனு எழுதித் தருவதற்குக் கிராணிமார் கூலி கேட்கலாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

கூலிக்கு ஆள் வைத்துப் பார்ப்பது பாவமா? பட்டணத்து வீடுகளில் இது தீராத வழக்கு. கூலி வாங்குகிறவளிடம் பாசம் இராதென்பது ஒரு கட்சி. நாம் கண்டவரையில், கூலி வாங்கியும் பொறுமையோடு ஊட்டிய இந்தோனேசியப் பெண்களுண்டு. கூலி வாங்காமலே கரண்டியைப் பல்லில் இடித்த சொந்த மகள்களுமுண்டு. கூலி வேலையைக் கெடுப்பதில்லை. தோட்டத்தில் கூலிக்குச் செய்த வேலையைத்தானே நம் பாட்டன் பாட்டி ஒழுங்காகச் செய்தனர்? கெடுப்பது வேறொன்று. ஒரே பெண்ணைச் சமையலுக்கும், துவைப்பதற்கும், மூன்று குழந்தைகளுக்கும், படுக்கையிலுள்ள கிழவிக்குமாக அமர்த்தி, இரவிலும் கிழவியின் அறையிலேயே படுக்கச்செய்து, “பார், என் தாய்க்கு ஆள் வைத்திருக்கிறேன்” என்பதே கெடுக்கின்றது. சிங்கப்பூரில் வீட்டு வேலைப் பெண்களுக்கு வாரமொருநாள் ஓய்வு என்னும் விதி 2013-இல் வந்தது. பணங் கொடுத்து அந்நாளை வாங்கிக்கொள்ளவும் இடமிருந்தது. 2023 முதல் மாதத்தில் ஒரு நாளையேனும் பணத்தால் வாங்க முடியாதென்றாயிற்று. மலேசியாவின் வேலைச் சட்டத்திலும் 2022-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் வீட்டு ‘வேலைக்காரர்’ என்னும் சொல் போய், வீட்டுத் ‘தொழிலாளர்’ என்னும் சொல் வந்தது. சொல் மாறிய அளவு வீடு மாறவில்லை. ஓய்வில்லாத கை ஒருநாள் நடுங்கும். அந்நடுக்கம் கிழவியின் உடம்பில் போய் முடியும்.

கூலிக்கும் கடிகாரத்திற்கும் உள்ள உறவைக் குறித்து இங்கிலாந்து கற்ற பாடமொன்று உண்டு. அங்கே நகராட்சிகள் பணங் கொடுத்து வீடுதேடிப் பணியாளரை அனுப்புகின்றன. செலவைக் குறைக்கப்போய், வருகை கால் மணி நேரமாகச் சுருங்கிற்று. கால் மணியில் ஒரு முதியவரை எழுப்பிக் கழுவி உடுத்தி ஊட்டுவதெப்படி? ஊட்டினால் பேச நேரமில்லை. பேசினால் ஊட்ட நேரமில்லை. 2015-இல் அந்நாட்டுச் சுகாதார நெறிமுறை வகுக்கும் கழகம், பொதுவாக அரை மணிக்குக் குறைந்த வருகை கூடாதென்று எழுதிவைக்க நேர்ந்தது. பணமும் சட்டமும் நிறைந்த நாட்டிலும் அவசரமே பெரும் பகையாயிற்று என்பதைக் கவனிக்க. நமது வீடுகளில் அந்த அவசரம் கடிகாரத்தால் வருவதில்லை, தொலைக்காட்சித் தொடரால் வருகின்றது.

அப்படியாயின் சட்டம் வீட்டிற்குள் வரலாமா? மலேசியாவில் 1993-இல் இயற்றப்பட்ட பராமரிப்பு நிலையச் சட்டம், நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ பராமரிக்கப்படும் இடத்தையே நிலையமென்று வரையறுத்தது. நால்வர் உள்ள இடத்திற்கு அதிகாரி வந்து சமையலறையைப் பார்க்கலாம். ஒருவர் மட்டும் உள்ள அறைக்கு வருவாரில்லை. 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமோ, மூப்பினாலோ குறையினாலோ இயலாதவராய்க் குடும்பத்தோடு வாழும் வயது வந்தவரையும் தன் காப்பிற்குள் சேர்த்துக்கொண்டது. நல்லது, ஆனால் அடித்தபின் வரும் சட்டம் அது. சிங்கப்பூரில் 1995-இல் நிறைவேறிய பெற்றோர் பராமரிப்புச் சட்டம், அறுபது வயது கடந்து தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க வழிசெய்தது. பணத்தைக் கட்டளையிட்டு வாங்கலாம். நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டும் பொறுமையைக் கட்டளையிட்டு வாங்குவதெப்படி?

ஆகவே நாம் வேண்டுவது வீடுதோறும் போலீசன்று. வேண்டுவது, கதவைத் தட்டிக்கொண்டு வாரமொருமுறையேனும் உள்ளே வரும் ஒரு வெளி மனிதர். அரசாங்க மருத்துவமனையின் தாதியாயிருக்கலாம். இலாகாவின் ஏற்பாட்டில் முதியோர் வீடுகளுக்குச் செல்லும் தொண்டராயிருக்கலாம். அண்டை வீட்டு அம்மையாராயிருக்கலாம். வெளிக்கண் ஒன்று பட்டாலே படுக்கை விரிப்பு மாறுகின்றது. பார்க்கிற பெண்ணும் ஒரு மணி நேரம் கடைக்குப் போய்வருவாள். இதை அவமானமாக எண்ணி, “எங்கள் வீட்டு விஷயம்” என்று கதவைச் சாத்துகிறவர்களிடம் ஒன்று கேட்போம்: உள்ளே இருப்பவர் அக்கதவைச் சாத்தச் சொன்னாரா?

கற்றற் குறையுடையோர் விஷயத்தில் கதை இன்னும் சிக்கலானது. இங்கே தீங்கு பெரும்பாலும் அன்பின் வேடத்திலேயே வருகின்றது. மகனுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது, தாய் போடுகிறாள். முப்பதாண்டு போடுகிறாள். தெரியாததனால் போட்டாளா, அவள் போட்டதனால் தெரியாமற் போயிற்றா? 1984-இல் திரெங்கானுவில் பத்து ராகிட் என்னுமிடத்தில் தொடங்கி நாடெங்கும் பரவிய சமூக மறுவாழ்வு நிலையங்களில், இத்தகையோர்க்குப் பல் துலக்குவதும், தேநீர் கலக்குவதும், காசு எண்ணுவதும் ஆறு மாதமானாலும் ஓராண்டானாலும் படிப்படியாகக் கற்பிக்கின்றனர். வீட்டில் வெந்நீரைத் தொடவிடாத பிள்ளை அங்கே தேநீர் கலக்கிக் கொடுப்பதைப் பார்த்து அழுத பெற்றோருளர். ஆனால் வீட்டிற்கு வந்ததும் மீண்டும் கோப்பையை வாங்கிவிடுகின்றனர், சுட்டுவிடுமாம். வாழ்நாளில் ஒருமுறைகூட நாக்கைச் சுட்டுக்கொள்ளாதவன் வாழ்ந்தவனாவானா என்பது தத்துவ விசாரணைக்குரிய கேள்விதான். நமது விடை: தனக்கு ஏற்ற அளவு ஆபத்தைத் தானே ஏற்கும் உரிமை அவனுக்கும் உண்டு. 2006-இல் ஐக்கிய நாட்டுச் சபை ஏற்று, 2010-இல் மலேசியாவும் ஒப்பிய உடன்படிக்கை, எங்கே யாரோடு வாழ்வதென்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு குறையுடையோர்க்கும் மற்றவர்க்குச் சமமாக உண்டென்கின்றது. நான்காம் மாடி இரும்புக் கதவுக்கு இன்னும் அச்செய்தி எட்டவில்லை.

பணக் கணக்கையும் ஒரு வரியில் சொல்லிவிடுவோம். அவன் பேரில் வரும் உதவித்தொகை அவனுடைய பணம். அண்ணன் மோட்டார் சைக்கிளின் தவணைக்கு அது போகுமானால், அதற்குப் பேணுதல் என்று பெயரில்லை.

இனி, பார்க்கப்படுகிறவரே தீர்ப்பு வழங்கவேண்டும் என்றோமே. பேச்சில்லாதவர் எவ்வாறு வழங்குவார் என்று கேட்பீர்கள். வாய் பேசாதவரும் கவளத்தைக் கண்டு வாயை மூடுவார். ஒருவர் கை பட்டால் உடம்பு இறுகும், மற்றொருவர் கை பட்டால் தளரும். ஒருவர் குரல் கேட்டால் முகந் திரும்பும். இவற்றை வாசிக்கக் கற்றுக்கொள்ளாமல், “அவருக்கு ஒன்றும் தெரியாது” என்பது எழுத்தறியாதவன் புத்தகத்தில் ஒன்றுமில்லை என்பதைப் போன்றது. பேசக்கூடியவரிடமோ கேட்பதற்கு ஒரு தடையுமில்லை. இன்று குளிக்கலாமா, நாளைக்கா? தோசையா, கஞ்சியா? சன்னலைத் திறக்கட்டுமா? இவ்வளவுதான் கேள்வி. ஆனால் கேட்டுவிட்டு விடைக்காக நிற்க வேண்டும். தளர்ந்தவருடைய விடை மெல்ல வரும்.

பெற்றோர் நெஞ்சில் இரவெல்லாம் கிடந்து அறுப்பது, “எனக்குப் பிறகு யார்?” என்னும் கேள்வி. யார் வந்தாலும் அவர் அறியவேண்டியவற்றை எழுதிவைப்பது இக்கேள்விக்கு முழு விடையாகாது. என்றாலும் வெறுங்கையோடு விட்டுப் போவதினும் மேல். நமக்கு அடுத்த தோட்டத்தில், பால் வெட்டி ஓய்ந்த அம்மையார் ஒருவர் நாற்பது வயது மகனோடு வாழ்கின்றார். அவருக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பள்ளி மாணவி ஞாயிறு மாலைதோறும் வந்து, அவர் சொல்லச் சொல்ல ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதுகின்றாள். தேநீர் ஆறவேண்டும், ஆறாவிட்டால் கோப்பையைத் தள்ளுவான், அது கோபமன்று. இடிக்கு அஞ்சுவான், அப்பொழுது வானொலியை உரக்க வைத்தாற் போதும். ‘கோ’ என்றால் கோழிக்குத் தீனி போடவேண்டும் என்று பொருள். முடி வெட்டுமுன் கத்தரிக்கோலை அவன் கையில் கொடுத்துப் பார்க்கவிட வேண்டும். காதைத் தொட்டால் வலி எங்கோ இருக்கின்றது, காதிலன்று. வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டும்.

சென்ற ஞாயிறு உணவுப் பக்கம் எழுதினார்கள். மகன் அருகில் உட்கார்ந்து பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். “மீன் என்றால் பிரியம்” என்று அம்மையார் சொல்ல, பெண் எழுதப் போனாள். அவன் தலையை ஆட்டிப் பேனாவின்மேல் கையை வைத்துவிட்டான். இருவரும் விழித்தனர். அவன் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்த் தகர டப்பாவைக் கொண்டுவந்து திறந்து காட்டினான். உள்ளே நெத்திலி. அடித்துவிட்டு, “நெத்திலி மட்டும்” என்று திருத்தி எழுதினாள்.